யூரோப்பாவுக்கு ஆக்ஸிஜன் வந்த வழி

வியாழனின் நிலாக்களில் ஒன்றான யூரோப்பாவில் செடியில்லை, பாசியில்லை. அதன் நடுக்கோட்டிலேயே குளிர் மைனஸ் 160 டிகிரி. ஆனால் அங்கே ஆக்ஸிஜன் இருப்பதை ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் காட்டிக்கொடுத்தது. மூச்சுக்கு உதவாத, மிக மெல்லிய படலம்தான். இருந்தாலும், உயிரில்லாத இடத்தில் அதை உண்டாக்கியது யார்?

பக்கத்து நிலாவான அயோவில் எரிமலைகள் ஓயாமல் கக்குகின்றன. அங்கிருந்து கிளம்பும் கந்தகமும் ஆக்ஸிஜனும் எலெக்ட்ரான்களை இழந்து, அயனிகளாகி, வியாழனின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொள்கின்றன. வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரம்கூட ஆவதில்லை. அதன் காந்தப்புலமும் கூடவே சுழல்கிறது. யூரோப்பா வியாழனைச் சுற்றிவரவோ மூன்றரை நாள் ஆகும். ஆகவே அயனிகள் பின்னாலிருந்து வந்து, வினாடிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் உறைந்த நீரால் மூடப்பட்ட அந்த நிலாவின் முதுகில் மோதுகின்றன. காந்தப்புலத்தில் முடுக்கம் பெற்ற சில, இன்னும் பன்மடங்கு வேகத்தில் வருகின்றன.

ஸ்ட்ரைக்கர் கேரம் காயைத் தள்ளுவதுபோல அயனி நீர் மூலக்கூறைத் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டால் விடை தப்பும். 1978-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிரவுன், லான்சரோட்டி குழுவினர் உறைந்த நீரின்மேல் அதிவேக அயனிகளைப் பாய்ச்சினார்கள். அந்தக் கணக்கு சொன்னதைவிட மிக அதிகமான மூலக்கூறுகள் பெயர்ந்து வெளியேறின. காரணம், அயனி மோத வேண்டிய அவசியமே இல்லை. அருகே கடந்துபோனாலே அதன் மின்விசை நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடும். தனி நீர் மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 12.6 எலெக்ட்ரான் வோல்ட் போதும். இத்தகைய அயனியிடம் இருப்பதோ பல லட்சம். போகும் வழியெல்லாம் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சிதைத்த பிறகுதான் அது ஓய்கிறது.

எலெக்ட்ரானைப் பறிகொடுத்த நீர், வினாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் தன் புரோட்டான் ஒன்றை அண்டை மூலக்கூறிடம் கொடுத்துவிடுகிறது. மிஞ்சுவது ஹைட்ராக்சில் என்ற துண்டு. எதோடாவது சேராமல் அதனால் இருக்க முடியாது. தனித்திருக்கும் மூலக்கூறு ஒரே அடியில் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்தால் நிலைமை இன்னும் மோசம்: மீதமுள்ள நேர்மின் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளி, வெடித்துச் சிதறும்.

இரண்டு ஹைட்ராக்சில் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. யூரோப்பாவின் பனியில் கலிலியோ விண்கலம் அதையும் கண்டது. உடைந்த துண்டுகளில் லேசான ஹைட்ரஜன் நிலாவின் ஈர்ப்பைத் தாண்டி ஓடிவிடுகிறது. கனமான ஆக்ஸிஜன் பின்தங்குகிறது.

ஓடும் அந்த ஹைட்ரஜனைத்தான் ஜூனோ விண்கலம் 2022 செப்டம்பரில், சுமார் 350 கி.மீ. உயரத்தில் பறந்து அளந்தது. அதை வைத்து 2024-இல் வெளியான கணக்குப்படி, அங்கே உருவாகும் ஆக்ஸிஜன் வினாடிக்குச் சுமார் 12 கிலோ. முன்பு ஆயிரம் கிலோவுக்கு மேல்கூட மதிப்பிட்டவர்கள் உண்டு. பனிக்கு அடியிலுள்ள கடலில் உயிரைத் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். என் பார்வையில் இது நல்ல செய்தி: ஊகம் போய் அளவு வந்திருக்கிறது. அந்த அளவும் அற்பமல்ல, நாளொன்றுக்கு ஆயிரம் டன்.

அதில் எவ்வளவு கடலுக்கு இறங்குகிறது என்பது பனியின் தடிமனையும் விரிசல்களையும் பொறுத்தது. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம், 2030-இல் வியாழனை அடைந்த பிறகு பனியை ஊடுருவும் ரேடாரால் அவற்றைத்தான் துழாவப்போகிறது.