ஜப்பானியக் கவாத்துக் கத்தரி

கவாத்துக் கத்தரி என்பது செடிகளின் கிளைகளை வெட்டிச் சீராக்க உதவும் கைக்கருவி ஆகும். இதன் ஜப்பானியக் கைவினை வகை, கரிம எஃகைக் காய்ச்சி அடித்துக் கொல்லர்களால் உருவாக்கப்படுகிறது. கூரிய வெட்டும் அலகும், கிளையைத் தாங்கும் வளைந்த அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும். சீரான வெட்டுக்காயம் விரைவில் ஆறும். மழுங்கிய கத்தரியோ தண்டை நசுக்கி, நோய்க்கிருமிகள் நுழைய வழிவகுக்கும்.

தேர்வு

பொதுவாக 18 அல்லது 20 செ.மீ. நீளமுள்ளவை பயன்படுகின்றன. முழுமையாக விரிந்த நிலையிலும் கைப்பிடிகள் ஒரு கையின் பிடிக்குள் அடங்க வேண்டும். கடின எஃகு நெடுநாள் கூர்மை காக்கும். ஆயினும் கம்பியை வெட்டினாலோ, வெட்டும்போது திருகினாலோ விளிம்பு உடையக்கூடும்.

பராமரிப்பு

கரிம எஃகு எளிதில் துருப்பிடிக்கும். ஆவடி, நெமிலிச்சேரி உள்ளிட்ட சென்னைப் புறநகர்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் மாத இறுதியே குண்டுமல்லியைக் கவாத்து செய்யும் காலமும் ஆகும். எனவே ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பின் தாவரச் சாற்றைத் துடைத்து, ஈரம் போக்கி, எண்ணெய் பூசுதல் வேண்டும். ஜப்பானில் கமேலியா விதை எண்ணெய் பூசுவர். தையல் இயந்திர எண்ணெயும் ஏற்றது. நோயுற்ற செடியை வெட்டியபின், அலகுகளை 70% எத்தனாலால் துடைத்த பிறகே அடுத்த செடியை வெட்ட வேண்டும்.

வெட்டும் அலகின் சரிவான பக்கத்தை மட்டும் நனைத்த சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். தட்டையான பக்கத்தில் பிசிறை நீக்கினால் போதும். அதைத் தேய்த்தால் அலகுகளுக்கிடையே இடைவெளி உண்டாகும். சுழலும் சாணையில் நீரின்றித் தீட்டினால், வெப்பத்தால் எஃகின் கடினத்தன்மை குறைந்துவிடும்.