கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பு: நரம்பில் போடும் ஊசி

கணவன்மார்களே! ஏழாம் மாதம் தாண்டிய மனைவி, "தலை விண்ணு விண்ணுனு வலிக்குது, கண்ணு மங்குது" என்றால், "பத்துப் போட்டுப் படு" என்று சொல்லிவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்த அழுத்தம் 160/110-ஐத் தொட்டுவிட்டால் ஜன்னி காணலாம். மூளையில் ரத்தம் கசிந்து உயிரே போகலாம்.

ஆஸ்பத்திரியில் லேபெட்டலால் என்ற மருந்தை நரம்பூசியாக மெதுவாகப் போடுவார்கள். 5 நிமிடத்திலேயே வேலை செய்யத் தொடங்கும். முதலில் பெரும்பாலும் 20 மில்லிகிராம். 10 நிமிடம் கழித்து அளந்து பார்த்து, தேவையானால் கூட்டுவார்கள். "இன்னும் முழுசா இறங்கலையே" என்று டாக்டரிடம் சண்டை பிடிக்காதீர்கள். ஒரேயடியாக இறக்கினால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

தாய்மார்களே, உங்களுக்கு இழுப்பு உண்டானால் முதலிலேயே சொல்லுங்கள். இந்த மருந்து ஆகாது; வேறு தருவார்கள்.

தலைவலி விட்டதும் வீடு திரும்பக் கேட்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் சில நாள் கொதிப்பு ஏறலாம்.