வேர்க்காத பிள்ளையின் பல்

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ தங்கச்சி. மகனுக்கு ஒன்றரை வயது தாண்டியும் ஒரு பல்கூட இல்லையென்றால், “பிந்தித்தான் முளைக்கும்” என்று அம்மம்மா சொல்வதை நம்பி இருக்கவேண்டாம். காட்டவேண்டும். டொக்டர் முதலில் கேட்பது உங்களுக்குப் புதினமாக இருக்கும்: பிள்ளைக்கு வேர்க்கிறதா?

பல், முடி, வேர்வைச் சுரப்பி எல்லாம் கருவின் வெளிப்படையில் இருந்தே உருவாகின்றன. எங்கே எது முளைக்கவேண்டும் என்று அங்கே செய்தி கொண்டுபோகிற புரதங்களில் ஒன்று எக்டோடிஸ்பிளாசின். அதன் மரபணு 1996இல் பிடிபட்டது. அது பழுதானால் வருவதுதான் எக்டோடேர்மல் டிஸ்பிளேசியாவில் அதிகம் காணப்படும் வகை. முடி ஐதாகும். முளைக்கிற நாலைந்து பல்லும் கூம்பாய், கூராய் இருக்கும். வேர்வை வராது, வந்தாலும் குறைவு. கச்சான் காற்று அடிக்கிற நாளில் உடம்பு கொதிக்கும், பனடோலுக்குக் கேட்காது. அது காய்ச்சல் இல்லை, வெளியேற வழியில்லாத சூடு. பெனியனை நனைத்துப் போட்டுவிடுங்கோ, இறங்கும்.

இந்தப் பிள்ளைகளின் முகம் ஏன் கிழவன்போல ஆகிறது? பல்லைத் தாங்குகிற எலும்பு பல்லோடுதான் வளரும். பல் இல்லாத முரசு மெலிந்தே நிற்க, மூக்குக்கும் நாடிக்கும் இடைவெளி குறைந்து உதடு பிதுங்கும். அதனால் மூன்று வயதளவிலேயே கட்டுப்பல் வைக்கிறார்கள். பள்ளிக்கூடச் சட்டைபோல அளவு மாற மாற வேறு செய்யவேண்டும். எலும்பில் திருகுகிற பல் பெரும்பாலும் வளர்ச்சி முடிந்த பிறகுதான்: சுற்றியுள்ள எலும்பு வளர, அது நின்ற இடத்திலேயே நிற்கும். இங்கே பெரியாஸ்பத்திரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம்.

மச்சானைக் கட்டியதால் வந்ததென்று யாரும் சொன்னால் விடுங்கோ. இந்த வகைக்கும் சொந்தத்தில் முடிப்பதற்கும் சம்பந்தமில்லை. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பழுது பெரும்பாலும் தாய்வழி வரும். சிலவேளை புதிதாகவும் தோன்றும். சிந்து மாகாணத்து இந்துக் குடும்பமொன்றில் நாலு தலைமுறையில் பத்து ஆண்களுக்கு இப்படி இருந்ததை டார்வின் 1875இல் எழுதினார். மகள்மாருக்கு ஒன்றுமில்லை, பேரன்மாருக்கு வந்தது.

கொஞ்சம் சிரியுங்கோ, பார்ப்பம். இந்த மேற்பல் ஒன்று சின்னதாய்க் கூராய் இருக்கே, இதையும் டொக்டரிடம் காட்டுங்கோ, உங்களிடமும் அந்தப் பழுது இருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். தாயிடம் அந்தப் பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த பிள்ளைக்கு முன் அது தெரிந்திருப்பது நல்லது. ஜெர்மனியில் எர்லாங்கன் டொக்டர்மார் கருப்பையில் இருந்த மூன்று ஆண் பிள்ளைகளுக்குப் பன்னீர்க்குடத்தில் அந்தப் புரதத்தை ஊசியால் செலுத்தி, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று பேருக்கும் வேர்த்தது.