கல் மூங்கில்

மூங்கில் என்றதும் துளையுள்ள குழலே நம் நினைவுக்கு வருகிறது. அவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கும் இனமொன்று நம் மலைச்சரிவுகளிலேயே உளது. அதுவே கல் மூங்கில். தாவர நூலார் இதனை டெண்ட்ரோகாலமஸ் ஸ்டிரிக்டஸ் என வழங்குவர்.

இந்தியா முதல் மியன்மார், தாய்லாந்து வரையுள்ள வறண்ட இலையுதிர் காடுகள் இதன் தாயகம். நம் நாட்டில் கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் தூறு தூறாக நிற்பதைக் காணலாம். முள் மூங்கில் ஓடைக்கரையின் ஈரத்தை நாடும். இதுவோ ஆண்டுக்கு 750 மில்லிமீட்டர் மழையும், நீர் தேங்காத சரளை நிலமும் கிடைத்தால் போதுமென்று வளரும். வறண்ட இடத்தில் தண்டு ஏறக்குறைய முழுக் கெட்டியாகும். ஈரம் மிகுந்த இடத்தில் அதே இனம் துளை விடும். ஆகவே, ஆற்றங்கரைத் தோட்டத்தில் இதனை நட்டுவிட்டு, கெட்டிக் கழி வரவில்லையே என்று நாற்று விற்றவரை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

தண்டு 8 முதல் 16 மீட்டர் உயரமும், 2.5 முதல் 8 சென்டிமீட்டர் குறுக்களவும் உடையது. ஏணி, கைத்தடி, கூரைக் கழி, பாவு விரிக்கையில் ஊன்றும் கம்பு ஆகியவற்றிற்கு இது ஏற்றது. கூடை முடைவோர் எளிதில் பிளக்கக்கூடிய துளை மூங்கிலையே தேடுவர்.

மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்தெழும் முளை, சில மாதங்களிலேயே முழு உயரத்தையும் எட்டிவிடும். பின்னர் அது பருப்பதில்லை. முற்றுவது மட்டுமே உண்டு. அதற்கு மூன்றாண்டு ஆகும். அவசரப்பட்டு இளங்கழியை வெட்டுவோர் இருமுறை இழக்கின்றனர்: வெட்டிய கழியைப் பூச்சி அரிக்கிறது; தூறும் வலிவிழக்கிறது. இளங்கழிகளே அடுத்த ஆண்டு முளைகளுக்கு உணவூட்டுபவை அன்றோ!

எனினும், பயிரிடுவோர் முதற்கண் கவனிக்க வேண்டியது பூப்பு. பல்லாண்டுகள் பூவாதிருந்து, ஒரு வட்டாரத்துத் தூறுகள் யாவும் சேர்ந்து பூத்து, நெல் போன்ற விதையை உதிர்த்து, அடியோடு பட்டுப்போகும். இடைக்காலம் பெரும்பாலும் 25 முதல் 45 ஆண்டுகள். இடத்துக்கு இடம் மாறும். தாய்த் தூறிலிருந்து கிழங்குடன் பெயர்த்து நட்ட கன்றுக்கும் தாயின் வயதே வயது. முப்பதாண்டு கண்ட தூறிலிருந்து பெயர்த்த கன்று, நட்டவர் நல்ல அறுவடை காணுமுன்பே தாயுடன் பூத்து மடியக்கூடும். இதையறியாமல் கடன் வாங்கி நடுபவர் நிலை பரிதாபமே. கன்று வாங்குமுன் தாய்த் தூறின் வயதை அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேட்டறிதல் நலம்.

விதை நாற்றுக்கு இந்த அச்சம் குறைவு. ஆனால் விதையின் முளைப்புத்திறன் நெடுநாள் நில்லாது. பூத்த செய்தி எட்டியதும், காட்டுத் தூறாயின் வனத்துறையின் அனுமதி பெற்று விதை சேகரித்து, அந்த மழைக்கே நாற்று விட்டுவிட வேண்டும்.