கண்ணாடி மணியின் மூலத்தை அறிதல்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், அரிக்கமேடு என்னும் பழைய மேட்டுநிலம் அமைந்துள்ளது. பெருமழைக்குப் பின் அம்மேட்டின் மண்மீது சிவப்பு, மஞ்சள், பச்சை, கருநீலம் முதலிய நிறங்களையுடைய சிறு கண்ணாடி மணிகள் தென்படுவதுண்டு. அவற்றுள் பல, மிளகைக் காட்டிலும் சிறியன. இத்துணைச் சிறிய பொருளை எவர் செய்தனர், எவ்வெப் பொருள்களைக் கலந்து செய்தனர் என்பதை அறிய இயலுமா?

பெயர் பொறிக்கப்படாத பொருள்

1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் தலைமையில் இவ்விடத்தில் அகழாய்வு நடைபெற்றது. அப்பொழுது கிடைத்தவற்றுள் இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்கலத்தின் ஓடுகளும் இருந்தன. அவற்றுள் சிலவற்றில் விபி, காமுரி, இட்டா என்று குயவர்களின் முத்திரைகள் பதிந்திருந்தன. ஆகவே அவற்றின் பிறப்பிடத்தையும் காலத்தையும் வரையறுப்பது எளிதாயிற்று. கண்ணாடி மணிக்கோ முத்திரை கிடையாது. அதன் மூலத்தை மூன்று சான்றுகளால் மட்டுமே உய்த்துணர வேண்டும். அவை வேலைப்பாடு, இரசாயனச் சேர்க்கை, கிடைத்த மண்ணடுக்கு என்பன.

நிறத்தை முதற்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. கோபால்ட்டு கருநீலத்தையும், செம்பு நீலப்பச்சையையும் அளிக்கும். அதே செம்பு, காற்று குறைந்த உலையில் ஒளிபுகாச் செந்நிறத்தைத் தரும். ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஒளிபுகா மஞ்சள் உண்டாகும். இவ்வுண்மைகளைப் பல நாட்டுத் தொழிலாளரும் அறிந்திருந்தனர். எனவே ஒரே நிறமுடைய இரு மணிகள் வெவ்வேறு நாட்டில் பிறந்தனவாக இருக்கலாம்.

வேலைப்பாடு கூறும் செய்தி

ஒரு சாதாரணக் கைலென்சு இப்பகுதிக்குப் போதுமானது. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, அதைத் துண்டுகளாக நறுக்கிச் செய்யும் மணியில், காற்றுக் குமிழிகளும் நிறக்கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். கம்பியின்மீது கண்ணாடியைச் சுற்றிச் செய்யும் மணியிலோ, அவை துளையைச் சூழ்ந்து வளைந்திருக்கும். அச்சில் வார்த்த மணியில் பெரும்பாலும் இணைப்புக்கோடு புலப்படும்.

அரிக்கமேட்டு மணிகளுள் மிகப் பல முதல்வகையைச் சேர்ந்தவை. ஆந்திரப் பிரதேசத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் இம்முறை கையாளப்பட்டது. இரும்புக் குழாயின் முனையில் திரட்டிய கண்ணாடியில் உட்புழை உண்டாக்கி, உலையின் வாயிலிருந்து அதை மெல்லிய குழாயாக இழுத்தனர். குழாயை நறுக்கிய துண்டுகளைச் சாம்பலுடன் கலந்து மீண்டும் சூடாக்கினர். கூரிய விளிம்புகள் உருண்டன. சாம்பல் புகுந்திருந்தமையால் துளை மூடிக்கொள்ளவில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் இவ்வகை மணிகளுக்கு இந்து-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டார். அரிக்கமேட்டில் மணிகளோடு நறுக்கிய குழாய்த் துண்டுகளும் கண்ணாடிக் கழிவுகளும் கிடைத்திருப்பது, அங்கேயே இத்தொழில் நடைபெற்றது என்பதற்கு உறுதியான சான்றாகும். முழுமணி வாணிகத்தால் வந்திருக்கலாம். கழிவை எவரும் விலைகொடுத்து வாங்கிக் கொணர்வதில்லை.

சேர்க்கை கூறும் செய்தி

கண்ணாடிக்கு மணலே உடல். அதனை உலையின் வெப்பத்தில் உருகச் செய்வது சோடா அல்லது பொட்டாஷ். ரோமானியர் எகிப்து நாட்டு நேட்ரான் உப்பைப் பயன்படுத்தினர். அக்கண்ணாடியில் அலுமினா பெரும்பாலும் 2 முதல் 3 சதவிகிதமே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய ஒருவகைச் சோடாக் கண்ணாடியில் அலுமினா 5 சதவிகிதத்திற்கும் மிகுதி. களிக்கல் சேர்ந்த மணலும், நிலத்தில் பூக்கும் உவர்ச் சோடாவும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இவையன்றிப் பொட்டாஷ் கண்ணாடியும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளது. இழுவை மணிகள் இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம் முதலிய துறைமுகங்களிலும் கிடைக்கின்றன. வேலைப்பாடு ஒன்றாயிருப்பினும், சேர்க்கையை ஒப்பிட்டே எக்கண்ணாடி எத்திசையினின்று சென்றது என ஊகிக்க முடிகின்றது.

எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையால் மணிக்குச் சேதமின்றித் தனிமங்களை அளக்கலாம். ஆயினும் நெடுங்காலம் ஈரமண்ணில் கிடந்த கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடா கரைந்து போயிருக்கும். மேற்பரப்பை மட்டும் அளந்தால் தவறான முடிவு ஏற்படலாம். லேசர் கதிரால் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழி இட்டு, உட்பகுதியின் அணுக்களை நிறமானியில் அளப்பது இக்குறையை நீக்கும்.

மண்ணடுக்கு கூறும் செய்தி

மேற்கூறிய இரு சான்றுகளும் மணியினுள்ளேயே அடங்கியுள்ளன. மணி எங்குச் சென்றாலும் உடன்செல்லும். மூன்றாவது சான்று மணியில் இல்லை. அது மண்ணில் இருக்கின்றது. எந்த அடுக்கில், எந்த ஓட்டுடன், எந்தக் கழிவுடன் கிடந்தது என்பதே அதன் காலத்தைக் காட்டும். அரிக்கமேட்டு அடுக்குகளில் காலம் வரையறுக்கப்பட்ட மட்கலங்களின் துணைகொண்டே, 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அகழ்ந்த அடுக்குகளின் காலமும் கணிக்கப்பட்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அரிக்கமேட்டை மீண்டும் ஆராய்ந்து, ரோமானியத் தொடர்புக்கு முன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர் எனக் காட்டினர். கலையாத அடுக்குகள் எஞ்சியிருந்தமையாலேயே இம்மறு ஆய்வு இயன்றது. கைக்கு அழகாயிருக்கின்றதென ஒருவர் பொறுக்கிச் சென்ற மணிக்கு இச்சான்றை மீட்டுத்தர எந்த ஆய்வுக்கூடத்தாலும் இயலாது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மணிகளையோ வளையல் துண்டுகளையோ காண்போர் அவற்றை அகற்றாமல், இடத்தையும் ஆழத்தையும் அருகிலுள்ள பொருள்களையும் குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு அறிவித்தல் வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். பழங்கண்ணாடியை அமிலத்தால் கழுவுதலும் கத்தியால் சுரண்டுதலும் அறவே கூடா. வானவில் போல மின்னும் அதன் மெல்லேடு உதிர்ந்துவிடும்.

வகுப்பறைப் பயிற்சிக்குக் கடையில் வாங்கும் மணிகளும் உடைந்த வளையல்களுமே போதும். குமிழிகளின் திசையை லென்சினால் மாணவர் நோக்கலாம். சீசாத் துண்டையும், ஈயம் கலந்த கண்ணாடித் துண்டையும் காற்றிலும் நீரிலும் நிறுத்து, காற்றில் கண்ட எடையை நீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். முன்னது ஏறத்தாழ 2.5; ஈயம் மிகுந்ததாயின் பின்னது 3-ஐ எட்டும், அல்லது அதனையும் கடக்கும். நிறத்தில் வேறுபாடில்லாத இரு துண்டுகளைத் தராசு பிரித்துக் காட்டுவதை நேரில் கண்ட மாணவர், பழம்பொருளை அழகுக்காகப் பொறுக்கும் எண்ணத்தை விடுத்து, அதனைச் சான்றாக மதிக்கக் கற்றுக்கொள்வர்.