அட்மின் பாஸ்வேர்டு எல்லோருக்கும் எதற்கு?

மாதக் கடைசி. கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் எக்செல் ஃபைலைத் திறந்தால், வேறொருவர் அதைத் திருத்திக்கொண்டிருப்பதாகச் செய்தி வருகிறது. அந்த வேறொருவர் மதியமே லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார். சர்வர் மட்டும் அவர் இன்னும் ஃபைலைத் திறந்து வைத்திருப்பதாகவே கணக்கு வைத்திருக்கிறது. சிஸ்டம் அட்மினுக்கு இது அரை நிமிட வேலை. அவர் லீவில் இருந்தால் போன் போகும்: “அண்ணா, பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்க, நாங்களே பார்த்துக்கிறோம்.” பல அலுவலகங்களில் அட்மின் பாஸ்வேர்டு ஊரறிந்த ரகசியம் ஆவது இப்படித்தான்.

கேட்டவர் மேல் தப்பில்லை, அவருக்கு வேலை ஆக வேண்டும். ஆனால் மாட்டிக்கொண்ட ஒரு ஃபைலை விடுவிக்கிற அதே லாகின், எல்லாப் பிரிவுகளின் ஃபோல்டர்களையும் அழிக்கும். யாருக்கு என்ன அனுமதி என்பதை மாற்றும். புதுப் பயனர்களைச் சேர்க்கும். அந்த லாகினில் இருக்கும்போது மெயிலில் வந்த போலி இன்வாய்ஸ் ஒன்றைக் கிளிக் செய்துவிட்டால், ரேன்சம்வேர் கணக்குப் பிரிவோடு நிற்காது. அந்த லாகின் எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் பூட்டிவிடும். ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடுதான் இயங்க வேண்டும் என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் நாம் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அட்மினைத் தேடிப் போகும் வேலைகளில் பாதிக்கு உண்மையில் அட்மின் தேவையே இல்லை. ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டார்களா? விண்டோஸ் சர்வர் 2003 காலத்திலிருந்தே ஷேடோ காப்பி வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், வாரநாட்களில் காலை 7 மணிக்கும் பகல் 12 மணிக்கும் சர்வர் தானாகவே ஒரு நிலைப்படம் எடுத்துக்கொள்ளும். பயனரே ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பழைய பதிப்பைத் தேர்ந்து, மீட்டுக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஃபோல்டர் திறக்கவில்லையா? அனுமதியைத் தனி ஆட்களுக்குக் கொடுக்காமல் ஒரு குழுவுக்குக் கொடுத்துவிட்டு, ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் குழுவின் மேலாளராகப் பிரிவுத் தலைவரைப் போட்டு, உறுப்பினர் பட்டியலை அவர் மாற்றலாம் என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போதும். ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் பிரிவின் கையில். சேர்க்கப்பட்டவர் ஒருமுறை லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வர வேண்டும். அது தெரியாமல் “இன்னும் வரல மேடம்” என்று புலம்புபவர்கள் ஏராளம்.

மிச்சமிருப்பவை உண்மையிலேயே அட்மின் அதிகாரம் கேட்கும் வேலைகள். இங்கேதான் குறுக்குவழிகள் முளைக்கும். பாஸ்வேர்டைச் சேமித்துவைத்து வேறொருவர் பெயரில் நிரலை ஓட்டும் ‘ரன்ஆஸ் சேவ்கிரெட்’ ஷார்ட்கட் அவற்றில் பிரபலமானது. பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாததால் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் சேமித்த பாஸ்வேர்டு அந்த ஒரு நிரலோடு கட்டப்பட்டதல்ல. அதே பயனர் அதே கட்டளையில் நிரலின் பெயரை மட்டும் மாற்றி அட்மின் கமாண்ட் விண்டோவையே திறந்துவிடலாம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இந்தக் குழியில் விழுந்ததுண்டு. குரூப் பாலிசி பிரிஃபரன்சஸ் என்ற வசதியில் அட்மின் பாஸ்வேர்டை எழுதி எல்லாக் கணினிகளுக்கும் அனுப்ப முடிந்தது. அது ஏஇஎஸ் முறையில் பூட்டப்பட்டு, டொமைனில் உள்ள எவரும் படிக்கக்கூடிய சிஸ்வால் என்ற பொது ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது. பூட்டைத் திறக்கும் குறியீட்டுச் சாவி எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றேதான். அந்தச் சாவி மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணத்திலேயே அச்சாகியிருந்தது! 2014 மே மாதம் வந்த திருத்தம் புதிதாக இப்படி எழுதுவதைத் தடுத்ததே தவிர, ஏற்கெனவே கிடந்தவற்றை அழிக்கவில்லை.

சரியான வழி, பாஸ்வேர்டுக்குப் பதில் வேலையை ஒப்படைப்பது. வங்கியில் செலானை நிரப்பிக் கவுன்ட்டரில் நீட்டுகிறோம். பெட்டக அறைக்குள் நாம் போவதில்லை. விண்டோஸில் இதற்கு ‘ஜஸ்ட் இனஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்ற ஏற்பாடு, பவர்ஷெல் 5இலிருந்து இருக்கிறது. பயனர் தன் சொந்த லாகினில் சர்வரோடு இணைகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது அடிப்படையான எட்டுக் கட்டளைகளும், அட்மின் எழுதிக்கொடுத்த ஒன்றிரண்டும் மட்டுமே. அந்தக் கட்டளைகள் ஓடுவதற்காக, அவர் இணையும்போது சர்வர் ஒரு தற்காலிக அட்மின் கணக்கை உருவாக்கி, இணைப்பு முடிந்ததும் கலைத்துவிடும். அதன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, அட்மினுக்கும்கூட.

நம் சம்பளப் பட்டியலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடவும் மூடவும் பவர்ஷெல்லில் கட்டளைகள் உண்டு. அவற்றை அப்படியே கொடுத்தால், கணக்குப் பிரிவுக்காரர் எம்டி திறந்து வைத்திருக்கும் ஃபைலையும் மூடலாம். எனவே ஃபைல் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளும் சின்னச் செயல்நிரல் ஒன்றை எழுத வேண்டும். சர்வரின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி, பாதை டி டிரைவின் ‘கணக்கு’ ஃபோல்டருக்குள் இருந்தால் மட்டும் அது மூடும். கவனம் தேவைப்படுவது இந்தச் சோதனையில்தான். பாதை ‘கணக்கு’ என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால், பக்கத்தில் ‘கணக்குத்தணிக்கை’ என்றொரு ஃபோல்டர் இருந்தால் அதுவும் தேறிவிடும். ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் வரும் சாய்கோட்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் எல்லை அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. சிறிய அலுவலகங்களில் ஒரே சர்வர் டொமைன் கன்ட்ரோலராகவும் ஃபைல் சர்வராகவும் இருப்பது சகஜம். அங்கே அந்தத் தற்காலிகக் கணக்கு வழக்கமாக டொமைன் அட்மின் அதிகாரத்தோடு பிறக்கும். இரண்டையும் பிரிக்காமல் இதில் கைவைக்காதிருப்பதே நல்லது.

எந்த முறையை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதிகாரத்தோடு ஓடும் அந்த நிரலை யார் திருத்த முடியும்? தினமும் இரவு அட்மின் உரிமையில் ஓடித் தற்காலிக ஃபைல்களைத் துப்புரவு செய்யும் ஒரு பேட்ச் ஃபைல், வசதிக்காக எல்லோரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டரிலேயே கிடக்கும். அதில் தன் பெயரை அட்மின் குழுவில் சேர்க்கும் ஒரு வரியை எவர் சேர்த்தாலும், மறுநாள் காலையில் அவர்தான் அட்மின்.

லினக்ஸிலும் சாம்பா சர்வரிலும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. ஃபோல்டருக்கு செட்ஜிஐடி போட்டு வைத்தால், உள்ளே பிறக்கும் ஃபைல்கள் ஃபோல்டரின் குழுவையே சேரும்; அனுமதிச் சண்டையில் பெரும்பகுதி அதோடு தீரும். மீதிக்கு சூடோ. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. ஒருவருக்கு ஒரு கட்டளையை மட்டும் ரூட், அதாவது லினக்ஸின் அட்மின், உரிமையில் ஓட்டவிடுவதற்கு அது நல்ல கருவி. ஆனால் பொதுஃபோல்டருக்குள் எந்த ஃபைலின் உரிமையாளரையும் மாற்றலாம் என்று நட்சத்திரக் குறி போட்டு அனுமதித்தால், பயனர் பாதையில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து வெளியே ஏறிப் பாஸ்வேர்டு ஃபைலுக்கே போய்விடலாம், ஏனென்றால் சூடோவின் நட்சத்திரம் சாய்கோட்டையும் விழுங்கும். விஐ எடிட்டரை அனுமதிப்பது அதைவிட மோசம். ஒரு முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் அடித்தால் ரூட் ஷெல் கையில். ஃபைலைத் திருத்தத்தான் வேண்டுமென்றால் சூடோஎடிட் இருக்கிறது. கருவியிலேயே ஓட்டை இருப்பதும் உண்டு: 2011இல் சூடோவுக்குள் புகுந்த பிழை ஒன்றை 2021 ஜனவரியில்தான் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. சாதாரணப் பயனர் யாரும் அதை வைத்து ரூட் ஆகியிருக்க முடியும். அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை வேண்டியதில்லை.

கடைசியாகப் பதிவேடு. சம்பளப் பட்டியலை வலுக்கட்டாயமாக மூடினால், திறந்து வைத்திருந்தவர் சேமிக்காத மாற்றங்கள் போகலாம். மறுநாள் அவர் சண்டைக்கு வருவார். ஐந்து பேர் ஒரே அட்மின் லாகினைப் பகிர்ந்திருந்தால், பதிவில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். விண்டோஸ் ஏற்பாட்டில் டிரான்ஸ்கிரிப்ட் பதிவை இயக்கி வைத்தால், இணைந்தவர் பெயர், நேரம், ஓட்டிய கட்டளை எல்லாம் தனி ஃபைலாகச் சேரும். சூடோவும் ஒவ்வொரு முறையும் ஆளையும் கட்டளையையும் குறித்துவைக்கும். அந்தப் பதிவுகள் சேரும் ஃபோல்டரில் பயனர்களுக்கு எழுதும் உரிமை கொடுக்கக் கூடாது.