ஏர்கோன் வடிகட்டி புகையைப் பிடிக்குமா?

"டீச்சர், புகைமூட்டம் வந்தால் தம்பிக்கு ஆஸ்துமா அதிகமாகிவிடும். அம்மா ஏர்கோனுக்குள் ஒட்டும் வடிகட்டித் தாள் வாங்கி வைத்திருக்கிறார். அது போதுமா?"

இரண்டாம் படிவ மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. வகுப்பில் பாதிப் பேர் போதும் என்றனர்; மீதிப் பேருக்குச் சந்தேகம். நாம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எவ்வளவு சிறியது?

சுமத்திராவிலும் களிமந்தானிலும் எரியும் தீயின் புகை, தென்மேற்குப் பருவக்காற்றுடன் நம்மை வந்தடைகிறது. 2013 ஜூன் மாதம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம்!

இப்புகையில் நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்கள். நம் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே இத்துகள்கள் 28ஐ வரிசையாக அடுக்கலாம்.

இப்போது வீட்டுச் சுவரில் உள்ள குளிர்சாதனத்தின் மூடியைத் திறந்து, அதன் வலை வடிகட்டியைப் பாருங்கள். துளைகள் கண்ணுக்கே தெரிகின்றன. ஒரு துளை அரை மில்லிமீட்டர் என்றாலும் அது 500 மைக்ரோமீட்டர். புகைத்துகளைவிட 200 மடங்கு பெரியது! இந்த வலையின் வேலை தூசியையும் பஞ்சையும் தடுத்து, உள்ளிருக்கும் குளிர்ச்சுருளைக் காப்பது. புகையைப் பிடிக்க அது செய்யப்படவில்லை.

ஹெப்பா வடிகட்டியின் விந்தை

ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் குறைந்தது 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரம். அதாவது, 10,000 துகள்கள் வந்தால் 3க்கு மேல் தப்பக்கூடாது.

அதைவிடச் சிறிய துகள்கள் எளிதாக நழுவிவிடும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஹெப்பா, தேநீர் வடிகட்டியைப் போன்ற சல்லடை அன்று. அது பின்னிக் கிடக்கும் நுண்ணிழைகளின் காடு. பெரிய துகள்கள் வளைந்து செல்லும் காற்றோடு திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தாறுமாறாக அலைந்து இழையில் சிக்கும். இதுவே பிரௌனியன் இயக்கம். இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரோமீட்டர் அளவுதான் பிடிக்கக் கடினமானது. ஆகவே அதை வைத்தே சோதிக்கிறார்கள்.

அப்படியானால் ஹெப்பாவையே குளிர்சாதனத்தில் பொருத்திவிடலாமே? அங்கேதான் சிக்கல். அடர்ந்த இழைகள் காற்றை எதிர்க்கும். சுவர்க் குளிர்சாதனத்தின் விசிறிக்கு அந்த எதிர்ப்பை வெல்லும் வலு இல்லை. காற்றோட்டம் குறைந்தால் குளிர்ச்சுருளில் பனிக்கட்டி படியலாம். பிறகு அது உருகி நீர் சொட்டும். அறையும் சரியாகக் குளிராது.

ஒட்டும் தாள்களில் சிலவற்றின் இழைகளுக்கு மின்னூட்டம் உண்டு. அவை நுண்துகள்களில் ஒரு பகுதியைப் பிடிக்கும். ஆனால் தூசி படியப் படிய அத்திறன் குறையும், காற்றும் தடைபடும். கரித்தாளோ நாற்றத்தைக் குறைக்க உதவுமே தவிர, துகளைப் பிடிப்பது அதன் வேலையன்று.

என்ன செய்யலாம்?

வலை வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்திப் பொருத்துங்கள். புகைமூட்டத்தின்போது சன்னல்களை மூடி, ஹெப்பா உள்ள காற்றுத் தூய்மிப்பானைப் படுக்கையறையில் வையுங்கள். வாங்கும்போது அறையின் கன அளவைக் கணக்கிடுங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். அதை மணிக்கு 5 முறை தூய்மைப்படுத்த, மணிக்கு 150 கன மீட்டர் தூய காற்றைத் தரும் கருவி தேவை.

செய்து பாருங்கள்

குளிர்சாதனத்தின் காற்று வாயில் மெல்லிய தாள் நாடா ஒன்றைத் தொங்கவிட்டு, அது சாயும் கோணத்தை அளந்து எழுதுங்கள். பெரியவர் ஒருவரின் உதவியுடன் மின்சாரத்தை நிறுத்தி, வலையைக் கழுவி உலர்த்தி, மீண்டும் அளந்து பாருங்கள். வலையின் தூய்மை தற்சார்பு மாறி. கோணம் சார்பு மாறி. விசிறியின் வேகத்தை மாற்றாதீர்கள். அது கட்டுப்படுத்தப்பட்ட மாறி.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தாள் மட்டும் போதாது. தம்பி தூங்கும் அறைக்குத் தனித் தூய்மிப்பான் வேண்டும். மருத்துவர் கொடுத்த மருந்தும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.